பூவாத்தாக்கா சொன்னது

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு அவரைப் பந்தலாம். அந்தப் பந்தலுக்குக் கீழே ஒரே ஒரு அக்காவாம். அந்த அக்கா வாய் திறந்தால் பிஞ்செல்லாம் தலையைத் தூக்கிக் கேட்குமாம்.

இப்படித்தான் சார் ஆரம்பிப்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும். ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மெதுவாக. சத்தமாகச் சொன்னால் கதை பயந்து ஓடிவிடும் என்பார் எங்கள் தாத்தா. அவர் மடியில் கதை கேட்டே வளர்ந்தவன் நான். எனக்குச் சத்தமாகப் பேசவே வராது, கவனிச்சிருப்பீங்க.

டீ ஆறுது, குடியுங்க. இந்த பேக்கரியில் தேங்காய் பன் நன்றாக இருக்கும்.

உங்க அப்பார்ட்மெண்ட்டிலும் இந்த மாதிரி வாராவாரம் காய்கறிப் பை ஆரம்பிக்கணும், சம்பத்தைப் பாருங்க என்று யாரோ சொன்னதாகச் சொன்னீங்களே, யார் சார் அது? மலர்வனம் அப்பார்ட்மெண்ட் ஆட்களாக இருக்காது. அவர்கள் என் பேரை எடுக்க மாட்டார்கள். சரி, விடுங்க. வேறு யாராவது உங்களிடம் ஒரு மாதிரி சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணினேன் என்று.

மலர்வனத்தில் நான் நடத்தியது சின்ன ஏற்பாடுதான். மண்டி கிடையாது, தரகர் கிடையாது. கரட்டுப்பாளையத்தில் நஞ்சப்பண்ணன் தோட்டம். சனிக்கிழமை காலையில் அங்கே பறிக்கிறது, பத்து மணிக்குள் குட்டியானை வண்டியில் ஏற்றி அப்பார்ட்மெண்ட் வாசலில் இறக்கிவிடுவேன். வீட்டுக்கு ஒரு துணிப்பை. தோட்டத்தில் என்ன காய்த்திருக்கிறதோ அதுதான் பைக்குள் இருக்கும். அவரை, பீர்க்கன், கொஞ்சம் கீரை. யார் தோட்டம், யார் கை பறித்தது என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியணும், அதுதான் இதில் விசேஷம். அதற்காகத்தான் வாட்ஸ்அப் குரூப்பில் வாராவாரம் நான் ஒரு வாய்ஸ் நோட் போடுவேன்.

நஞ்சப்பண்ணன் சம்சாரம்தான் பூவாத்தாக்கா. பிள்ளைகள் இல்லை. பிறந்த வீடு பக்கத்து ஊர்தான், ஆனால் ஒரு வண்டித்தடத் தகராறில் அண்ணன் தம்பிகள் பேச்சை விட்டுவிட்டார்கள். நோம்பி நாளுக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. இந்த அக்கா என்ன செய்வார் என்றால், ஒவ்வொரு பையிலும் கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை வைப்பார். வாழை நாரில் ஒரு முடிச்சுப் போட்டு. அந்த முடிச்சு இழுத்தால் அவிழும், தானாக அவிழாது. யாரும் கேட்கவில்லை, அவராகவே வைப்பார்.

அந்தக் கறிவேப்பிலையில்தான் சார் குரூப்பே மயங்கிவிட்டது. அதிலும் சி பிளாக் வத்சலாம்மா இருக்கிறாரே, அவர்தான் அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர், "எங்க பூவாத்தா" என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். நானும் ஒவ்வொரு வாரமும் சொல்வேன். பூவாத்தாக்கா சொன்னாங்க, அவரைப் பிஞ்சைக் கத்தியால நறுக்காதீங்க, கையால கிள்ளுங்க, கத்தி பட்டா அது கோவிச்சுக்கும். பூவாத்தாக்கா சொன்னாங்க, உங்க வீட்டுக் குழந்தைங்க நல்லாச் சாப்பிடறாங்களா, இளைச்சுப் போயிடாம பாத்துக்கங்க.

அவர் அப்படியே சொன்னாரா என்றால், அவருக்கு அவ்வளவு பேச வராது சார். என்னைப் பார்த்தால் "கறிவேப்பிலை வச்சிருக்குது, நசுங்காமக் கொண்டுட்டுப் போ" என்பார். அவ்வளவுதான். மீதியை நான் சொல்வேன். அவர் மனசில் இருப்பதைத்தானே சொல்கிறேன்.

இன்னொன்று, பனி. "பனி காயறதுக்குள்ள பறிச்சது" என்று ஒரு வாரம் சொன்னேன். பையைத் திறந்தால் காய் மேல் ஈரம் நின்றது, எல்லாரும் ஃபோட்டோ எடுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் வெயில் ஏறிப் பறித்ததற்கு, "இன்னிக்குப் பனித்துளி காணோமே சம்பத்" என்று அங்கே குடியிருக்கிற ஜெரால்டு சார் குரூப்பில் கேட்டுவிட்டார். சும்மா விளையாட்டுக்குத்தான். ஆனாலும் அதற்கப்புறம் நான் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், இருட்டோட இறங்கிடுங்கண்ணா, பனி போயிடக் கூடாது என்று. அக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் இறங்கிவிடுவார். இளைப்பு உண்டு அவருக்கு. பந்தலுக்குள் இழுக்கிற சத்தம் வண்டி வரைக்கும் கேட்கும். இருந்தாலும் ஒரு வாரம் தவறியதில்லை. அவ்வளவு ஈடுபாடு அதில்.

மார்கழியில் ஒருநாள் விடியக்காலம் பந்தலுக்குள் போனவருக்கு இளைப்பு முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விதி சார். என்ன சொல்ல.

நான் போயிருந்தேன். எடுக்கிற வரைக்கும் நின்றேன். பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்தணும் இல்லையா, அதற்காக நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் தம்பிகள் தடத்து முனை வரைக்கும் வந்தார்கள். வண்டியை விட்டு இறங்கவில்லை. பொழுது ஏறிக்கொண்டே போனது. ஒரு பெரியவர், "இனி எடுத்துரலாம் நஞ்சப்பா" என்றார். கோடி இல்லாமலே எடுத்தார்கள். நஞ்சப்பண்ணன் அழவில்லை. தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "அவங்ககிட்டச் சொல்லீரு தம்பி. இது எழவு விழுந்த ஊடு. பதினாறு நாளைக்குத் தீட்டு. இந்தக் காய் வேண்டாம்னா விட்ரட்டும், நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"சொல்லிடறேங்கண்ணா" என்றேன்.

சொல்லத்தான் சார் நினைத்தேன். சத்தியமாக. ஆனால் பந்தலைப் பார்த்தேன். பனிக்கு அப்படிக் காய்த்துக் கிடக்கிறது. ரெண்டு சனிக்கிழமை விட்டால் முற்றி விதை தட்டிவிடும். அந்த வருஷத்துக்கு அவருக்கு இருந்ததே அந்தப் பந்தல்தான். அதற்கு முன்னால் மலர்வனத்தில் நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே பால் ஊற்றுகிறவரின் அப்பா தவறியபோது இதே வத்சலாம்மாதான் குரூப்பில் போட்டார், "தீட்டு கழியும்வரை யாரும் அவரிடம் பால் வாங்க வேண்டாம்" என்று. பாதி வீடு பாக்கெட் பாலுக்குப் போய்விட்டது. பாலுக்கே அப்படி என்றால் பறிக்கிற கைக்கு எப்படி இருக்கும்?

மண்டியில் போட்டால் எந்த வீட்டுக் காய் என்று யாராவது கேட்கிறார்களா? எத்தனை எழவு வீட்டுக் காயை நாம் தினமும் தின்கிறோமோ, யாருக்குத் தெரியும்? தெரிந்தவர் வீட்டுக் காய் என்பதால்தான் இங்கே வாங்கினார்கள். தெரிந்திருப்பதுதான் சார் வம்பாகிவிட்டது.

சனிக்கிழமை ஃபோனைக் கையில் எடுத்தேன். ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு அவரைப் பந்தலாம் என்று ஆரம்பித்தேன். அடுத்தது சொல்லணும். வாய் தன்பாட்டில் பூவாத்தாக்கா சொன்னாங்க என்றது. கதையில் இருப்பவர் கதையில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. கறிவேப்பிலையைக் கடையில் வாங்கிக் கட்டினேன். அந்த முடிச்சு மட்டும் எனக்கு வரவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"ரொம்ப வருத்தப்பட்டாங்கண்ணா. தீட்டெல்லாம் நாங்க பாக்கறதில்ல, அனுப்பச் சொல்லுங்கன்னுட்டாங்க."

"அப்படியா. நல்ல சனம்" என்றார். அதற்கப்புறம் தனியாகவே இறங்கிப் பறித்தார். ஒரு பூச்சி விழுந்த காய் பைக்குள் போகாது. துக்கம் கேட்க உறவுக்காரர்கள் வருவார்கள், இவர் பந்தலுக்குள் இருப்பார். "மொதல்ல இதை அனுப்பீட்டு வந்தர்றேன், டவுன்ல எதிர்பாப்பாங்க" என்பார். வந்தவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நல்லதுதான், கைக்கு வேலை இருந்தால் பொழுது ஓடிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் வத்சலாம்மா ஒரு சேலை கொடுத்துவிட்டார். அரக்குக் கலர், நூல் சேலை. "பொங்கலுக்கு எங்க பூவாத்தாவுக்கு. நாங்க எல்லாரும் சேர்ந்து எடுத்தது. கலர் பிடிச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லணும்" என்றார்.

என்ன பண்ணுவது சொல்லுங்க. திருப்பிக் கொடுக்க முடியாது. நான் வைத்துக்கொள்ளவும் முடியாது, அப்படிப்பட்டவன் இல்லை நான். அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அக்காவுக்கு அப்பார்ட்மெண்ட்ல இருந்து குடுத்துவிட்டாங்கண்ணா" என்றேன். அதில் ஒரு பொய் உண்டா?

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ரெண்டு கையாலும் வாங்கினார். "கோடியா?" என்றார்.

நான் தலையாட்டினேன் போலிருக்கிறது.

மறுநாள் கருமாதி. புதைத்த இடத்துக்கு அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு போய், மடிப்புப் பிரித்து, மண் மேல் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்தார். அன்றைக்குத்தான் அழுதார். சொந்தக்காரர் ஒருத்தர், "ஏனப்பா, யாரு கொண்டாந்த கோடி இது?" என்று கேட்டதற்கு, "அவ பறிச்ச காயைத் தின்னவங்க" என்றார்.

அந்த வாரம் வாய்ஸ் நோட்டில், "பூவாத்தாக்கா சொன்னாங்க, அரக்குன்னா எனக்கு உசுரு, நோம்பிக்கு இதைத்தான் கட்டுவேன்" என்று போட்டேன். குரூப்பில் அன்றைக்கு முழுக்க இதயப் படமாக வந்து விழுந்தது.

அதுதான் வினையாகப் போய்விட்டது.

எங்கள் பக்கம் பொங்கல் முடிந்து பூப்பறிக்கிற நோம்பி உண்டு. பெண்களெல்லாம் சேர்ந்து முறுக்கும் கரும்பும் எடுத்துக்கொண்டு தோட்டம் துரவு என்று போய்ப் பூப்பறித்துக் கும்மியடித்துவிட்டு வருவார்கள். வத்சலாம்மா, "இந்த நோம்பிக்கு நாம பூவாத்தா தோட்டத்துக்கே போறோம்" என்று குரூப்பில் போட்டுவிட்டார். நான் தடுத்துப் பார்த்தேன். ரோடு சரியில்லை என்றேன். வேன் வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். "அப்படின்னா கட்டாயம் பாக்கணும்" என்றார்.

அண்ணனிடமும் சொல்லணுமே. "ஞாயித்துக்கிழமை அவங்கெல்லாம் வர்றாங்களாம்" என்றேன்.

"எழவு கேக்கவா?"

"ம்."

"இத்தனை தூரத்துல இருந்தா" என்றார். உள்ளூரில் பிளாஸ்டிக் சேர் வாடகைக்கு எடுத்து வாசலில் வரிசையாகப் போட்டார். குடத்தில் தண்ணீர் வைத்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார்.

வேன் வந்து நின்றது. பெண்கள் எல்லாரும் பட்டுச் சேலை. வத்சலாம்மா கையில் தாம்பாளம், மஞ்சள் குங்குமம், பூ. அண்ணன் எழுந்து நின்றார். "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழவு வீட்டில் வருகிறவர்களை வாங்க என்று கூப்பிட மாட்டார்கள், போகிறவர்களும் வர்றேன் என்று சொல்ல மாட்டார்கள், உங்க பக்கமும் அப்படித்தானுங்களே? இவர்களுக்கு அது தெரியாதே. "என்னப்பா, கூப்பிடக்கூட மாட்டேங்கறார், நாம வந்தது பிடிக்கலையா?" என்று ஜெரால்டு சார் என் காதில் கேட்டார். "கூச்ச சுபாவம் சார்" என்றேன்.

ரெண்டு பெண்கள் பந்தலைப் பார்த்த சந்தோஷத்தில் அங்கேயே கும்மி தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. டவுனில் இப்படித்தான் துக்கம் கேட்பார்களோ என்று தெரியாமல் கேட்கிற மாதிரி பார்த்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

வத்சலாம்மா நேராக அவரிடம் போனார். "எங்கேங்க எங்க பூவாத்தா? உள்ள படுத்திருக்காங்களா? அந்தச் சேலையைக் கட்டினாங்களா இல்லையா?"

"போத்தியாச்சுங்க அம்மிணி" என்றார் அண்ணன்.

"போத்தியாச்சா?"

"கருமாதி அன்னிக்கு. கோடி இல்லாமயே போயிட்டாளேன்னு இருந்தேன். பொறந்த ஊட்டுக்காரங்க மாதிரி நீங்க அனுப்பி வச்சீங்க." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அவளுக்கு ஒரு கொறையும் இல்லீங்க இப்ப."

கும்மி நின்றுவிட்டது. வத்சலாம்மா தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"எப்போங்க?"

"மார்கழியிலங்க. தம்பி சொல்லுச்சே உங்ககிட்ட?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வத்சலாம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். "அப்ப இது யாரு?" என்று கேட்டு அதைப் போட்டார். என் குரல்தான். ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு அவரைப் பந்தலாம். பூவாத்தாக்கா சொன்னாங்க, அரக்குன்னா எனக்கு உசுரு.

நான் சொன்னேன் சார், மெதுவாகத்தான் சொன்னேன். "சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டீங்கம்மா. பால்காரருக்கு நீங்கதானே நிறுத்தினீங்க."

"பால்காரர் வீட்டுக்கு அன்னிக்கே போயிட்டு வந்தேன் நான்" என்றார். "பதினாறு நாளும் வீடு வீடா வந்து ஊத்திட்டு நிக்க வேண்டாம், அந்த மனுசனும் உக்காந்து அழட்டும்னுதான் நிறுத்தினது. அந்த மாசத்துக்கு ஒருத்தரும் அவருக்குக் காசு குறைக்கல, போய்க் கேளு."

இதை அன்றைக்கே குரூப்பில் விளக்கமாகப் போட்டிருக்கலாம் இல்லையா? தீட்டு என்று மட்டும் போட்டால் எனக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

அதற்கப்புறம் அவர்கள் அந்தச் சேர்களில் உட்கார்ந்தார்கள். பட்டுச் சேலையோடு. குங்குமத் தட்டை ஒருத்தர் துண்டு போட்டு மூடினார். ஒரு அம்மா பந்தலுக்குள் போய்த் தனியாக நின்று அழுதுவிட்டு வந்தார். அண்ணன் எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தார். "முன்னாலயே தெரியாதுங்களா?" என்று ஒருத்தரிடம் மட்டும் கேட்டார். "தெரியாதுங்க" என்றார் அவர். அண்ணன் சொம்பைக் குடத்து மேல் கவிழ்த்து வைத்தார்.

பொழுது சாய ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். ஜெரால்டு சார் அவர் தோளில் கை வைத்தார். "வர்..." என்று வாயில் வந்துவிட்டது, யாரோ முழங்கையில் இடித்தார்கள், முழுங்கிக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்லாமல் போய் வேனில் ஏறினார்கள். வத்சலாம்மா கடைசியாக ஏறினார். என்னை ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

நானும் அண்ணனும் அத்தனை காலிச் சேரும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதை இன்னொருக்கா போடு தம்பி" என்றார்.

போட்டேன். தலையைக் குனிந்து கேட்டார்.

"வேற இருக்குதா?"

இருந்ததை எல்லாம் போட்டேன். குழந்தைகளைப் பார்த்துக்கச் சொன்னது, கத்தி படக்கூடாது என்றது, அவர் போனதற்கப்புறம் சொன்னது, எல்லாம். அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன், அதுவரைக்கும் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. சிலதை ரெண்டு தடவை போடச் சொன்னார். அவருக்கு ஆறுதலாக இருக்கிறது என்று நானும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"அவ இப்படிப் பேசமாட்டா" என்றார்.

"அக்கா எப்படிப் பேசுவாங்கண்ணா?" ஏதாவது கேட்கணுமே என்று கேட்டேன் சார்.

அவர் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. மறுபடி வாயெடுத்தார். என் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வரைக்கும் காதுலயே இருந்துச்சு" என்றார். "இப்ப உன்ற பேச்சுத்தான் வருது."

எழுந்து பந்தலுக்குள் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வெளியே வரவில்லை.

அவ்வளவுதான் சார் நடந்தது. குரூப்பில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். வத்சலாம்மா ஆள் அனுப்பிக் கேட்டாராம், காய் நீங்களே அனுப்புங்க, நாங்க வந்து எடுத்துக்கறோம் என்று. அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது எல்லாம் மண்டிக்குத்தான் போகிறது. மண்டியில் யாரும் எதுவும் கேட்பதில்லையாம். அதுதான் நன்றாக இருக்கிறது என்றாராம்.

எனக்கு அவர் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. உங்க பக்கம் யாராவது நல்ல தோட்டக்காரர் இருந்தால் சொல்லுங்க. வண்டி இருக்கிறது. பை தைக்க ஆள் இருக்கிறது. வாய்ஸ் நோட்டுக்கும் நீங்கள் கவலைப்பட வேண்டாம், பாருங்க, இத்தனை நேரம் பன்னைக்கூடத் தொடாமல் கேட்டுக்கொண்டே இருந்தீங்களே.

கிளம்பீட்டீங்களா? பஸ் இன்னும் வரலையே சார். டீக்கு நான் கொடுத்துவிடுகிறேன், இருக்கட்டும். என் நம்பர் வேணுங்களா?

சார்.

வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார்.